பொலிஸில் அகப்பட்ட வெள்ளை யானை

நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. அதை இப்போதே, பள்ளி வாசலில் நின்று சொல்வது போன்ற பக்தியோடு உறுதியளிக்கிறேன். கற்பிட்டியில் நாற்பது வருடமாகக் கருவாடு விற்கும் எனக்கு நெத்தலியைச் சுறா அளவுக்குப் பேசி வளர்க்கத் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் கொடி டைலர் மஹ்ரூப் மச்சானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தத் திறமைக்கு அதிகம் வேலை இருக்காது. மனிதர் ஏற்கெனவே அந்த அளவில்தான் இருந்தார்.

மரணச் செய்தி அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் வந்தது. "மன்னாரைப் பிறப்பிடமாகவும் கற்பிட்டியை வசிப்பிடமாகவும் கொண்ட செய்யது முஹம்மது மஹ்ரூப் அவர்கள் வபாத்தானார்கள்." நான் அப்போது சந்தித் தேநீர்க்கடையில் பணிஸைப் பிளேன்டியில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆரு இந்தச் செய்யது முஹம்மது?" என்று பக்கத்துக் கதிரைக்காரர் கேட்டார்.

"தெரியா. மன்னார் ஆக்கள்ல ஆரோ," என்றேன்.

இதைச் சொன்னது என் வாய்தான். சொன்னதோடு நில்லாமல் இரண்டாவது பணிஸுக்கும் கை நீட்டியது. கல்லாவில் இருந்தவர்தான், "உங்கட கொடி டைலர், மச்சான்," என்றார். முப்பது வருடத்துக்கு மேல் மச்சான், மச்சான் என்று கூப்பிட்ட மனிதரின் முழுப்பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அரைப் பணிஸோடு எழுந்து போனேன். அல்லாஹ் அவருடைய கபுறை விசாலமாக்குவானாக.

அவரிடம் சட்டை தைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் பிஸ்கட் பேணியைப் பார்த்தவர்கள் குறைவாக இருக்கலாம். மெஷினுக்கு வலப்பக்கம், நூல்கட்டைகளுக்குப் பின்னால் ஒரு சதுரத் தகரப் பேணி. அதற்குள் முப்பத்தொரு சிகரெட் அட்டைகள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிகரெட் பெட்டிகளுக்குள் கம்பனிக்காரர்கள் ஒரு சின்னப் பட அட்டை வைத்திருக்கிறார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். முன்பக்கம் ஒரு நாட்டின் கொடி, கலரில். பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கில எழுத்து. மச்சானின் மூத்தாப்பா, அதாவது பாட்டன், தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கியவர். கப்பலுக்குக் காத்து நின்ற துரைமார் சிகரெட்டை எடுத்துக்கொண்டு அட்டையை எறிவார்கள், இவர் குனிந்து பொறுக்குவார். பீடிகூடக் குடிக்காத மனிதர் இப்படி முப்பத்தொரு நாடுகளைச் சேர்த்தார். எந்தச் சக்கரவர்த்தியும் இவ்வளவு குறைந்த சத்தத்தில் இவ்வளவு நிலம் பிடித்ததில்லை.

தொண்ணூறில் இயக்கம் மன்னார் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது மச்சான் கையில் எடுத்தது இரண்டு: தையல் மெஷினின் தலை, அந்தப் பேணி. வள்ளத்தில் வந்து எங்கள் கரையில் இறங்கினார்கள். கரையில் நின்று கைகொடுத்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து பேணியைத் திறந்து எண்ணத் தொடங்கினார்.

"எல்லாரும் வந்திட்டாங்க. முப்பத்தொண்டு," என்றார் மனைவியைப் பார்த்து.

"புள்ளைகள எண்ணினீங்களா?" என்று மதினி கேட்டார்.

பிள்ளைகள் நான்கு. அவர்களும் சரியாக வந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி மரணம்வரை அவரைத் துரத்தியது. விருந்து வீட்டில் சோறு பரிமாறும்போதுகூட மதினி, "முதல்ல நாடுகளுக்கு வைங்க, புறகு புள்ளைகளுக்கு," என்பார்.

அகதி முகாமில் தைத்தார். பிறகு சந்தியில் கடை போட்டார். சட்டை, சாரம், பள்ளிக்கூடச் சீருடை என்று எல்லாம் தைத்தாலும் கொடி தைக்கக் கிடைத்தால் மட்டும் முகம் மாறும். கற்பிட்டிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் என் குடையைப் பிடுங்கிய காற்று அதை வண்ணாத்திவில்லில் ஒரு கல்யாண வீட்டில் இறக்கிவிட்டது. அங்கே அதை மொய்யாக எழுதிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட காற்றில் எந்தக் கொடியும் மூன்று மாதம் தாங்காது. ஆகவே அவருக்கு வேலை குறையவில்லை.

வலை விரிக்கிறவர்கள் மிதவைக் கம்பில் ஒரு துணி கட்டுவார்கள், தூரத்திலிருந்து தம் வலையை அடையாளம் காண. கறுப்பு அல்லது சிவப்பு, அவ்வளவுதான். மச்சான் அதைப் பார்த்துச் சகிக்கவில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, பேணியைத் திறந்து, ஆளுக்கொரு நாடு தைத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் எங்கள் கடல் உலக மாநாடு மாதிரி ஆகிவிட்டது. ரோந்துக் கப்பல் ஒன்று, முப்பது நாடுகள் கற்பிட்டியை முற்றுகையிட்டிருப்பதாகக் கொழும்புக்குச் செய்தி அனுப்பியது என்று நான் சொல்லிவருகிறேன். கரையில் கதை இப்படி நடக்கும்:

"பேர்சியாவைக் காணல்ல, கண்டீங்களா?"

"பேர்சியா பெல்ஜியத்தோட சிக்கிக் கிடக்கு. வெட்டித்தான் எடுக்கணும்."

"ரெண்டையும் வெட்டாதீங்க," என்று கரையிலிருந்து மச்சான் கத்துவார். "சமாதானமாப் பிரிச்செடுங்க!"

அந்த அட்டைகள் அச்சாகி நூறு வருடம் தாண்டியிருந்தது. பாதி நாடுகள் பெயர் மாறிவிட்டன, சில அரசர்களைத் துரத்திவிட்டன, சில துண்டு துண்டாகிவிட்டன. இதை அவரிடம் விளக்க ஒருமுறை முயன்றேன்.

"அந்த நாடு இப்ப இல்ல, மச்சான்."

"அட்டையில இரிக்கி."

"அட்டையில இருந்தா? அங்க ஆக்கள் எல்லாத்தையும் மாத்திட்டாங்க."

"எங்கட ஊரிலயும் ஒருக்கா ஆக்கள் இல்லாமப் போச்சி. அதுக்காக ஊர் இல்லையா?"

நான் வாயடைத்துப்போன சந்தர்ப்பங்கள் என் வாழ்நாளில் இரண்டு. மற்றது என் நிக்காஹ்.

இனி யானைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு இறால் பண்ணை முதலாளி கடைக்கு வந்தார். தாய்லாந்திலிருந்து மூன்று இறால் நிபுணர்கள் வருகிறார்களாம், வாசலில் அவர்களுடைய கொடி பறக்க வேண்டுமாம், மறுநாளே வேண்டுமாம். மச்சான் பேணியைத் தேடினார். தாய்லாந்து என்று ஒரு நாடு அதில் இல்லை. அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் என் அறிவு வெளியே பாய்ந்தது.

"தாய்லாந்தின்ட பழைய பேர் சியாம், மச்சான்!"

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு ஸலாம் சொன்ன எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. தெரியாமல் இருந்திருக்கலாம். சியாம் பேணியில் இருந்தது. சிவப்பு நிறம், நடுவில் ஒரு வெள்ளை யானை.

சிவப்புத் துணி வெட்டினார். யானைக்குச் சீருடைத் துணி. வண்ணாத்திவில்லுப் பக்கம் போனால் உயிருள்ள யானையைப் பார்த்து வெட்டலாம், நேரம் இல்லை. ஆகவே கடை முன்னால் நின்ற கழுதையைப் பார்த்துக் கால்களை வெட்டினார். தும்பிக்கைக்கு மட்டும் இரண்டு நூல்கட்டை முடிந்தது. கொடி முடிந்தபோது யானை ஏறக்குறைய உண்மை யானை அளவில் இருந்தது. அதை மடிக்க நாங்கள் ஐந்து பேர் சேர வேண்டியிருந்தது.

நாங்கள் மறந்தது ஒன்றே ஒன்று. உள்ளூராட்சித் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. யானை ஒரு கட்சியின் சின்னம். தேர்தல் காலத்தில் சின்னம் போட்ட கொடியை இப்படி ஏற்றக்கூடாது என்பது சட்டம்.

காலையில் விருந்தினர் வந்தார்கள். மூவரில் வயதானவர் கொடியைக் கண்டதும் வாகனத்திலிருந்து இறங்கி நின்றுவிட்டார். அது தன் பாட்டன் காலத்துக் கொடி என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். படம் எடுத்தார். மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 'அட்டையில் இருந்தால் நாடு இருக்கிறது' என்ற வாக்கியம் முழுதாக இருந்தது. அந்தக் கை விடுபடுவதற்குள் பொலிஸ் ஜீப் வந்தது. ஒன்று வந்ததா ஏழு வந்தனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் ஏழின் பக்கம்.

சார்ஜன்ட் இறங்கிக் கொடியை அண்ணாந்து பார்த்து, "மே அலியா காகெத?" என்று கேட்டார். இந்த யானை யாருடையது என்று அர்த்தம்.

மச்சானின் சிங்களம் அளவெடுக்கும் சிங்களம். இடுப்பு, கை, நெஞ்சு, நீளம் எல்லாம் தண்ணீர் மாதிரி வரும். அதற்கு வெளியே அவர் போனதில்லை. போதாததற்கு, மெஷின் சத்தத்தில் ஒரு காது அடைத்திருந்தது. அவருக்கு 'அலியா' என்பது 'அலியார்' என்று கேட்டது. அலியார் என்பவர் அவருடைய சின்ன வாப்பாவின் மகன்.

"அலியாரா? அலியார் வெங்காயத் தோட்டத்துல இரிக்கார், சேர்," என்றார் மிகுந்த மரியாதையோடு.

ஜீப் தோட்டத்துக்குப் போனது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அலியார், சாரத்தை மடித்துக் கட்டிய கோலத்தில் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். கொடியோடு நாங்களும் அங்கேதான் இருந்தோம்.

"நான் என்ன செஞ்சேன்? தண்ணி விட்டேன். அதுவும் என்ட கிணத்துத் தண்ணி!"

"நீதானே அலியா?" என்றார் சார்ஜன்ட், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

"ஓம், நான்தான் அலியார்."

"அப்ப கொடியில இருக்கிறது?"

"என்ட படத்தையா கொடியில போட்டிரிக்கான்? டேய் மஹ்ரூப்!"

யானையையும் அலியாரையும் பிரித்தெடுக்க, இருவருக்கும் நடுவில் சிங்களம் பேசிய எனக்கு மதிய லுஹர்த் தொழுகைவரை ஆனது. கடைசியில் மச்சான் சட்டைப் பையிலிருந்து சியாம் அட்டையை எடுத்து, "இந்தா சேர், சாட்சி. நான் இதைப் பாத்துத்தான் தெச்சேன். இது நாட்டுக் கொடி, கட்சிக் கொடி இல்ல," என்று தன் கையாலேயே நீட்டினார். சார்ஜன்ட் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். வாக்குமூலம் எழுதி எங்களைப் போகச் சொன்னார். கொடியையும் அட்டையையும் மட்டும் ஃபைலுக்குள் வைத்தார், வழக்குப் பொருளாக.

வெளியே வந்ததும் நான் அலியாரைச் சமாதானப்படுத்திக்கொண்டு நடந்தேன். மச்சான் வாசலிலேயே நின்றார்.

"வாங்க, விட்டுட்டாங்கதானே."

"முப்பது," என்றார்.

"என்ன முப்பது?"

"பேணியில. இப்ப முப்பதுதான் இரிக்கி."

கொடி போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது துணி, இன்னொன்று தைக்கலாம்.

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பொலிஸ் நிலையத்துக்குப் போனார். வெள்ளி மதியம் கடை பூட்டு, ஆகவே அந்த நேரம்தான் தோது. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டார். சியாம் என்று உளறியவன் நான் என்பதால் மறுக்க வழியில்லை. மேசையில் இருந்த கான்ஸ்டபிள், "என்ன முறைப்பாடு?" என்றார். "ஆனை," என்றார் மச்சான். வழக்கு முடியவில்லை, முடிந்ததும் தருவார்கள் என்று பதில். அடுத்த வெள்ளி, ஃபைல் வேறு இடம் போயிருந்தது. அதற்கடுத்த வெள்ளி, ஃபைல் வந்திருந்தது, பொறுப்பானவர் லீவில். தேர்தல் முடிந்தது. வென்றவர்கள் மாலை போட்டார்கள், தோற்றவர்கள் சுவரொட்டி கிழித்தார்கள். யானை மட்டும் உள்ளேயே இருந்தது. தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வருடா வருடம் வரும் கொடி வேலை அந்த வருடமும் வந்தது. அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு அந்த வெள்ளியும் போனார்.

ஒருநாள் சார்ஜன்ட் நல்ல மனதோடுதான் சொன்னார்: "முதலாளி, இந்த நாடு இப்ப இல்லையே. இல்லாத நாட்டுக் கொடி உங்களுக்கு எதுக்கு?"

"இல்லாத நாடெண்டா அதுக்கு என்ன கேஸ், சேர்? இரிக்கிற நாடெண்டா என்ட அட்டையைத் தாங்க."

இதை நான் சிங்களத்தில் சொன்னபோது கொஞ்சம் அலங்கரித்தேன். ஐக்கிய நாடுகள் சபை, இரண்டு உலகப் போர்கள், மூன்று மன்னர்கள் சேர்ந்தார்கள். சார்ஜன்ட் தேத்தண்ணி சொன்னார். அட்டை வரவில்லை.

நானும் மனிதன்தானே, அலுத்துப்போனேன். அதே படத்தைத் தொலைபேசியில் தேடிப்பிடித்து, தடித்த காகிதத்தில் கலரில் அச்சடித்து, அளவாக வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அசலை விடப் பளபளப்பு. வாங்கினார், "ஜஸாகல்லாஹ் ஹைரன்" என்று மனமார நன்றி சொன்னார். பேணிக்கு வெளியே வைத்தார்.

பிறகு ஒரு மழை வெள்ளி. அவருக்குக் காய்ச்சல். மதினி குடையை ஒளித்து வைத்திருந்தார். "இண்டைக்கு விடுங்க, மச்சான். ஒரு அட்டைக்கு இவ்வளவா?" என்று நானும் சொன்னேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்டைக்குக் கடல்ல வரக்குள்ள, அந்த அலையில, ஒண்டும் விழல்ல. கரையில வந்து சோறு தண்ணியோட இரிந்துகொண்டு நான் ஒண்டைத் துலச்சேன் எண்டு இரிக்கக்கூடாது."

குடையை மதினியே கொண்டுவந்து கொடுத்தார்.

சார்ஜன்டுக்கு இடமாற்றம் வந்தது. போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதிரை தந்தார். வழக்கு முடிந்துவிட்டது என்றார். மேசை லாச்சியைத் திறந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சூடு போட்டு ஒட்டியிருந்தார்கள். மூலையில் நீல மையில் வழக்குப் பொருளின் இலக்கம்.

"கெடாம இருக்க நான்தான் லெமினேட் பண்ணினேன், முதலாளி. நல்லா இருக்குதானே?"

பழைய அட்டை சேர்ப்பவர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். ஒட்டிய அட்டை செத்த அட்டை. அதை மச்சானும் அறிவார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், இலக்கத்தை விரலால் தடவினார். சார்ஜன்ட் பதிலுக்குக் காத்திருந்தார். நான் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஆனைக்கு ஐடென்டிகாட் கிடைச்சிட்டு," என்றார் மச்சான். "ஊர் விட்டு வந்து எனக்கு இந்த விலாசத்துல எடுக்க அஞ்சு வருசம் போனது. இது எட்டு மாசத்துல எடுத்திட்டு. கெட்டிக்கார ஆனை, சேர்!"

இதை நான் ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எழுந்து வந்து மச்சானின் தோளில் கை வைத்தார்.

பிளாஸ்டிக் ஓரத்தால் அட்டை பெருத்துவிட்டது, பேணிக்குள் அடங்கவில்லை. ஆகவே தன் சொந்த அடையாள அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இரண்டையும் சேர்த்தே காட்டுவார். "இது நான், இது என்ட ஆனை." ஜனாஸா முடிந்த பிறகு மதினி அதைப் பேணியின் மேல் வைத்து, பட்டி போட்டுக் கட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. சரி, கேட்டேன். தரவில்லை.

எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அவரை அடக்கிய மையவாடிக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு, பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். மேசையில் எனக்குத் தெரியாத ஒரு கான்ஸ்டபிள்.

"என்ன முறைப்பாடு?"

"முறைப்பாடு இல்ல, சேர். இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதிரையைக் காட்டினார். கொஞ்ச நேரம் இருந்தேன். இனி வரும் வெள்ளிகளிலும் போவதாக உத்தேசம்.

மேலே எழுதியதில் உங்களுக்கு வேண்டாததைக் குறைத்துக்கொள்ளலாம். ஏழு ஜீப்பை ஒன்றாக்குங்கள், ரோந்துக் கப்பலைத் திருப்பி அனுப்புங்கள், யானையைத் தலையணை உறை அளவுக்குச் சுருக்குங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன். தன்னை யாரும் ஜீப்பில் ஏற்றவே இல்லை, தானாகத்தான் நடந்து வந்ததாக அலியார் சொல்கிறார். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு அட்டைக்காக மஹ்ரூப் மச்சான் பொலிஸ் வாசல் ஏறிய வெள்ளிக்கிழமைகள் முப்பத்துநான்கு. அதில் மட்டும் நான் ஒன்றையும் கூட்டவில்லை.